அக்கா இறங்கிய கை

என் கை நடுங்குகிறது என்று முதலில் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. விரல் நீளமுள்ள ஓர் அலுமினியத் தட்டு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூலிகைச் சாறு எடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நிலவேம்பு, சீந்தில், கீழாநெல்லி என்று மூட்டை மூட்டையாக வருவது சொன்ன செடிதானா, அதில் இருக்க வேண்டிய சத்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைப் பூச்சு பூசிய தட்டின் அடியில், தலைமுடி போன்ற கண்ணாடிக் குழாயால் சாற்றைப் புள்ளியாக வைப்போம். தட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் ஈரம் மேலே ஏறும். ஏற ஏற, சாற்றில் கலந்து கிடக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் பிரிந்து நிற்கும். புற ஊதா விளக்கின் கீழே பச்சையும் நீலமுமாக ஒளிரும். ஆனால் முதலில் வைக்கும் புள்ளி கடுகளவு இருக்க வேண்டும். என் புள்ளிகளுக்கு வால் முளைத்திருந்தது.

“இன்னாடா பிரபு, புள்ளி வைக்கச் சொன்னா கோலமே போட்டு வெச்சிக்கிற?” என்றார் வேலு அண்ணன். பரிசோதனைக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு.

“கை கொஞ்சம் ஆடுதுண்ணா.”

“சரக்கா?”

“இல்லண்ணா.”

“அப்ப லவ்வு. கை ஆடறதுக்கு ரெண்டே காரணந்தான் கீது உலகத்துல.”

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் என் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே நின்றது. அதை அவர் பார்க்கவில்லை. எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் நான் பார்த்தேன்.

சில நாள் கழித்து, கவரைப்பேட்டையில் பஸ்ஸை விட்டுவிட்டு, வரத் தாமதமாகும் என்று தங்கை சங்கீதாவின் போனுக்குப் பேசி அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள். அவள் காக்களூரில் மின்சாரச் சாமான் பொருத்தும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். எப்போதும் கிண்டல்தான். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

“அண்ணா, நீ அனுப்புனத நீயே ஒருதபா கேளு.”

“ஏன்?”

“அக்கா பேசறா மாதிரி கீதுடா.”

கேட்டேன். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. கடைசி எழுத்துகள் மூக்கு வழியாக வந்தன. அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். அது செத்துப்போன எங்கள் அக்காவின் கடைசி வருஷத்துக் குரல். பஸ் நிறுத்தத்தில் ஜனங்கள் நடுவில் நின்றபடி இன்னொரு தடவை கேட்டேன்.

அக்கா பெயர் பவானி. பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிப் பிறந்தவள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளுக்குப் பத்தாம் வகுப்பில் கையெழுத்து கெட்டது. தட்டு, டம்ளர் எல்லாம் கை நழுவின. அந்த ஆடி மாதம் கோயிலுக்குப் போயிருந்தபோது, கூட்டத்தில் நின்றவளுக்குக் கைகள் பறவைச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டன. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் “அம்மா வந்துட்டா” என்று கத்தி அவள் காலில் விழுந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் செவ்வாய், வெள்ளி என்றால் கூட்டம். அக்கா குழறிக் குழறி ஏதோ சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தை அதற்கு அர்த்தம் சொல்வாள். வெயிலில் நிற்கும்போது அவள் கருவிழி ஓரத்தில் பொன்னிறமாக ஒரு வளையம் தெரிந்தது. அம்மன் போட்ட முத்திரை என்றார்கள். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி அவள் செத்தபோதும் யாரும் நோய் என்று சொல்லவில்லை. அம்மன் தன் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்றார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

எனவே என் கை ஆடுவதைக் கண்டதும் அம்மாவுக்குப் பயமே வரவில்லை. என் நெற்றியில் திருநீறு பூசி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, “அவதான் உம்மேல எறங்கிக்கிறா. கோச்சிக்காத தாயி, கொழந்தைக்கு ஒடம்பு தாங்காது” என்று என் கையைப் பார்த்துப் பேசினாள்.

வேலு அண்ணன் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு, “இப்ப கயிறும் சேர்ந்துதான் ஆடுது. நாளைக்கு லீவு போட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போறியா, இல்ல நான் கழுத்தப் புடிச்சி இஸ்துக்கினு போவவா?” என்றார்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அம்மாவும் வந்தாள். வெளிநோயாளிக் கூடத்தின் நீண்ட பெஞ்சில், முழங்கால் இடிக்க இடிக்க நகர்ந்து நகர்ந்து உள்ளே போகும் வரைக்கும் அவள் மடியில் கயிற்றுப் பொட்டலமும் திருநீறும் தயாராக இருந்தன. நரம்பு டாக்டர் இளம் வயதுப் பெண். என் கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு எழுந்து நின்று செய்து காட்டினார்.

“ரெண்டு கையையும் மாருக்கு நேரா மடக்குங்க. முட்டியை வெளிப்பக்கமாத் தூக்குங்க. அப்படியே நிறுத்துங்க.”

நிறுத்தப் பார்த்தேன். முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு தோள் வரைக்கும் இரண்டு கைகளும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. கூடைக்குள் மாட்டிய கோழி மாதிரி. நிறுத்த நிறுத்த வேகம் கூடியது.

நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பி, கண்ணை மூடி, “தாயே” என்றாள்.

டாக்டர் திகைத்துப்போனார். “ஏம்மா, எதுக்கு என்னைக் கும்பிடுறீங்க?”

“உன்ன இல்லம்மா” என்றாள் அம்மா.

என் கைகள் சட்டையில் உரசிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. டாக்டரே வந்து என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

“வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?”

“எங்க ஊட்ல யாருக்கும் நோவு நொடி கெடையாதும்மா.”

அம்மா பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது உண்மை. நான்தான் குறுக்கிட்டேன். “எங்க அக்காவுக்கு இருந்துச்சு டாக்டர். பதினாறு வயசுல இறந்துட்டாங்க.” குழறலாகத்தான் வந்தது. டாக்டருக்குப் புரிந்தது. ரயிலில் வீடு திரும்பும் வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை போனபோது வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கண் டாக்டர் ஒளிக்கீற்று விடும் கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்து, படம் எடுத்துத் திரையில் காட்டினார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். அவள் கதவு வரை வந்து, திரைக்கு முதுகைத் திருப்பி நின்றுகொண்டாள்.

நோயின் பெயர் வில்சன் நோய். எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நாம் தின்னும் சோறு, பருப்பு, கீரை எல்லாவற்றிலும் துளித் துளி தாமிரம் இருக்கிறது. உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். தள்ளும் வேலையைச் செய்யும் புரதம் எனக்குப் பழுது. எனவே பிறந்ததிலிருந்து தாமிரம் உள்ளேயே தங்கிவிட்டது. கல்லீரல் நிரம்பியதும் வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போனது. பிளஸ் டூ படிக்கும்போது எனக்கு ஒரு தடவை மஞ்சள் காமாலை வந்தது. அம்மா கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தாள். கண் வெளுத்தது, பள்ளிக்கூடம் போனேன். காமாலை இறங்கியது கீழாநெல்லியாலா, தானாகவா, எனக்குத் தெரியாது. அந்தச் செடியின் சத்தை அளப்பதுதான் என் வேலை என்றாலும் தெரியாது. அப்போதே தாமிரம் உள்ளே இருந்தது என்பது மட்டும் இப்போது தெரியும்.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைப் பெரிய கேனில் பிடித்து வைக்கச் சொன்னார்கள். அதில் எவ்வளவு தாமிரம் இறங்குகிறது என்று அளக்க. கட்டிலடியில் கேனை வைத்துக்கொண்டு, கை ஆடாமல் பிடிக்கப் படாத பாடு பட்டேன். அந்த அளவு எடுக்கும் கருவி எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கூடத்திலும் இருக்கிறது. கரைசலைத் தீயில் தூவி, தாமிரத்துக்கென்றே உள்ள விளக்கின் ஒளியை அந்தத் தீ வழியாக விடுவோம். உள்ளே தாமிரம் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒளி குறையும். இலைத்தூளில் தாமிரமோ ஈயமோ அளவு தாண்டியிருந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம். எத்தனையோ மூட்டைகளைத் திருப்பியிருக்கிறேன். என் அளவும் வந்தது. தாண்டித்தான் இருந்தது. என்னைத் திருப்பி அனுப்ப இடம் இல்லை.

உடம்பில் சேர்ந்த தாமிரத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் விடும் மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் போட வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் மோசமாகலாம், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். மோசமானது. நாக்கு தடித்துப்போனது போல் இருந்தது. எச்சில் ஒழுகியது. நர்ஸ் கேட்பதற்கு நான் பதில் சொன்னால், மறுபடி மறுபடி “என்ன? என்ன?” என்றார். காதில் விழுவது அக்காவின் குரல், பேசுவது நான். கண்ணை மூடிக்கொண்டால் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எதிர்க் கட்டில்காரர் தூங்கும்போதுகூட என் மேலேயே ஒரு கண் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் பாவம், பக்கவாதத்தில் ஒரு பக்க இமை மூடாதவர்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் வேலை முடிந்து நேராக வருவார். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் உலையோரம் நிற்பவர். சட்டையில் சூடான இரும்பு வாசம் இருக்கும். பேச மாட்டார். என் கையில் டம்ளர் நிற்காததைப் பார்த்தவர், மறுநாள் இளநீர்க் கடையிலிருந்து ஒரு கைப்பிடி உறிஞ்சுகுழல் வாங்கி வந்தார். காய்ப்பேறிய விரலால் குழலின் முனையை எனக்கு வாகாக மடக்கிப் பிடித்துக்கொண்டு, நான் குடித்து முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வேறு பக்கம் பார்த்தது எனக்குப் பெரிய உதவி.

சங்கீதா கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்து உட்காருவாள். என் குழறலை நர்ஸுக்கு அவள்தான் எடுத்துச் சொல்வாள். முதல் நாள் அவள் அப்படிச் செய்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்த காட்சி அப்படியே. ஆனால் சங்கீதா ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பி, “கரெக்டா? இதானே சொன்ன?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினால் மறுபடி கேட்டாள். அக்காவிடம் யாரும் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

“ஏண்ணா அழுவற? ஊசி போட்டாங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்ப என் மூஞ்சிய பாத்துட்டா? அதுக்கு மாத்திரை கெடையாதாம், கேட்டுட்டேன்.”

ஒரு மாதிரி பேச்சு தேறத் தொடங்கியபோதுதான் டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தார். இது பரம்பரையாக வரும் நோய். கூடப் பிறந்தவளுக்கும் பார்த்தே ஆக வேண்டும். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாமல் இருக்கலாம். உள்ளே சேர்ந்துகொண்டிருக்கலாம்.

என் ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கல்லூரியில் வெங்காயத்தை நசுக்கி அதன் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த எரிசாராயத்தில் வெள்ளை நூலாக மிதக்கும். என்னுடையதும் எங்கோ ஒரு குழாயில் அப்படி மிதந்திருக்கும் என்று நினைக்கும்போது விசித்திரமாக இருந்தது. அந்த நூலில் வேண்டிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப நகலெடுத்து, எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம் அது. நம் ஒவ்வொருவரிடமும் அது இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. என் இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருந்தது. அம்மாவுக்கு நைனா சொந்தத் தாய்மாமன். ஒரே வீட்டு எழுத்து இரண்டு கையாலும் எனக்கு வந்து சேர்ந்திருந்தது. பெற்றவர்களுக்கு ஒரு பிரதி நல்லதாக இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சங்கீதாவுக்கு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“அவளுக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி கீறா. ஊத்துக்கோட்டையிலேர்ந்து மாப்ள ஊட்டுக்காரங்க வரப்போற நேரத்துல ஆஸ்பத்திரி, ரத்தம்னு எதுக்குப் பேஜாரு?”

“அம்மா, அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும்...”

“அவளுக்கு ஒண்ணும் வரல. அவ சாமி. நோவுன்னு சொல்லாத, நாக்கு அழுவிடும்.”

அம்மா எதைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு வந்தது நோய் என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால், அந்த நோய்க்கு மாத்திரை இருந்தது என்பதையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “நிச்சயத்துக்கு முன்னாடி எப்படியும் பூவாடைக்காரிக்குப் படையல் போடணும். அவ உத்தரவு குடுக்கட்டும். குடுத்தா ரத்தம் எடு.”

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்த பெண்ணைப் பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதலில் அவளை ஏரியிலிருந்து குடத்தில் அழைத்து வந்து, புதுப்புடவை சாத்தி, பம்பை அடித்து, வீட்டில் யார் மேலாவது இறங்கச் செய்து, அவள் வாயாலேயே சம்மதம் கேட்க வேண்டும். அக்கா இந்தத் தடவை யார் மேல் இறங்குவாள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. எவ்வளவு சுலபம்! கை ஏற்கெனவே ஆடுகிறது, குரல் அவளுடையது. “தங்கச்சிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ” என்று நாலு வார்த்தை சொன்னால் முடிந்தது. சங்கீதா பிழைப்பாள். பொய்தான், ஆனால் யாருக்கு நஷ்டம்? படையலுக்கு முதல் நாள் முழுக்க அந்த வார்த்தைகளை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, வெயில் ஏறும் நேரம். குடம் வந்தது. மஞ்சள், பூ, அரளி மாலை, சிவப்புப் புடவை. பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்ததும் சத்தம் என் வயிற்றில் இடித்தது. மெல்ல அடங்கியிருந்த கைகள் பதற்றத்தில் கிளம்பிவிட்டன. சிறகு அடித்தன. பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா என் முன்னால் மண்டியிட்டு, கற்பூரத் தட்டோடு கேட்டாள்.

“யாரும்மா வந்துக்கிற? வாயத் தொறந்து சொல்லும்மா.”

வாயைத் திறந்தேன். பதினாறு வயசுப் பெண் ஒருத்தி, இதே இடத்தில், இதே மாதிரி கை அடித்துக்கொண்டு நின்று ஏதோ சொல்லப் பார்த்தது ஞாபகம் வந்தது. அவள் என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்கு வேண்டியதை அவள் வாயில் வைத்தார்கள். நானும் அதையேதான் செய்யப் போகிறேன்.

“பிரபும்மா” என்றேன்.

பம்பை தடுமாறியது. “சாமி அடம் புடிக்குது” என்று பம்பைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார்.

“யாருன்னு சொல்லும்மா!”

“நாந்தாம்மா. பிரபு. இது நோவும்மா. அவ வரல.”

அம்மா முகத்தில் அப்போது வந்ததை என்னால் எழுத முடியாது. கற்பூரத் தட்டு கையில் எரிந்துகொண்டே இருந்தது. பின்னாலிருந்து சங்கீதா வந்து எங்கள் இரண்டு பேர் நடுவில் நின்றாள்.

“ஏம்மா, அண்ணனக் கேக்கற, செத்தவளக் கேக்கற. என்ன ஒருதபா கேட்டியா? ஒடம்பு என்னுதும்மா.”

“வாய மூடுடி. சாமி நிக்கிது.”

“நிக்கட்டும். எனக்குச் சாமியாவ வேணாம்மா. நான் சங்கீதாவாவே இருந்துட்டுப் போறேன். செத்தப்பறம் வருஷா வருஷம் பொடவ சாத்தறதுக்கு, உசுரோட இருக்கசொல்ல ஒண்ணு எடுத்துக் குடு. அந்தச் செவப்பு எனக்குப் புடிக்கக்கூட இல்ல.”

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பம்பைக்காரர் மறுபடி குச்சியை எடுத்தார்.

“நிறுத்துப்பா” என்றார் நைனா. அவர் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். “பம்பைய நிறுத்து. போதும். திங்கக்கெழம நானே இட்டுக்கினு போறேன்.”

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குப் படையல் சோற்றை யாரும் தொடவில்லை.

சங்கீதாவிடம் ரத்தம் எடுத்தார்கள், அவள் கண்ணையும் கல்லீரலையும் பார்த்தார்கள். நைனாவும் கையை நீட்டினார். கடைசியில் அம்மாவும் நீட்டினாள், சுவரைப் பார்த்தபடி. முடிவு வரும் வரை சங்கீதா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டாலும் மூன்று பேரும் அவள் கையைப் பார்த்தோம். “சொம்மா சொம்மா பாக்காதீங்க, பாத்தே ஆட வெச்சிடுவீங்க போலக்கீது” என்றாள். சிரிக்கவில்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் பக்கத்து ஊர்களில் எந்த வீட்டிலாவது, நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கையெழுத்து கெட்டால், கை அடித்துக்கொண்டால், பேச்சு குழறினால், கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்விட்டு வரும் வழியில் ஆஸ்பத்திரியிலும் காட்டுங்கள். கண்ணில் வெளிச்சம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில், சிறுநீரில் தாமிரம் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு சொல்ல எங்களை உட்கார வைத்தவர் மரபணு ஆலோசகர். கண்ணாடி போட்ட, நிதானமாகப் பேசும் பெண். காகிதத்தில் எங்கள் குடும்பத்தை வரைந்து காட்டினார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. நைனாவின் கட்டமும் அம்மாவின் வட்டமும் பாதி கறுப்பு, பழுதான பிரதி ஒன்று மட்டும் இருப்பதால். என் கட்டம் முழுக்கக் கறுப்பு. பிறகு பேனா சங்கீதாவின் வட்டத்துக்குப் போனது. அதையும் முழுக்க நிரப்பியது.

சங்கீதா என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

“பயப்படாதீங்க” என்றார் ஆலோசகர். “உங்களுக்குக் கல்லீரல்ல கொஞ்சந்தான் சேர்ந்திருக்கு. மூளைக்குப் போகல. மாத்திரையை ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டா கை ஆடாது, பேச்சு குழறாது. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகும். மாப்பிள்ளைக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாம், அவ்வளவுதான். நல்ல நேரத்துல வந்தீங்க.”

சங்கீதா மூச்சை விட்டாள். “நாஷ்டாவுக்கு முன்னாடியா, பின்னாடியா மேடம்?” என்றாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

அம்மா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வட்டமும் கட்டமும் புரிந்துவிட்டது. என் கட்டத்துக்கு இடப்பக்கம், குறுக்கே கோடு இழுத்த வெறும் வட்டம் ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்தாள்.

“இது யாரு கண்ணு?”

“உங்க மூத்த பொண்ணும்மா.”

“உள்ள ஏன் ஒண்ணுமில்ல?”

“அவங்களுக்கு நாங்க டெஸ்ட் எடுக்கலையேம்மா. எடுக்காம நாங்களா நிரப்பக் கூடாது.”

“இந்த மாத்திரை அப்பவும் இருந்துச்சா?”

ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

“இருந்துச்சும்மா” என்றார் மெதுவாக.

அம்மா தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கா செத்த நாளிலிருந்து அம்மா அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தாயி என்பாள், அவ என்பாள், ஆத்தா என்பாள்.

“ரொப்பிடு கண்ணு. நான் பெத்தவ சொல்றேன். பவானி. பதினாறு வயசு. ஒடம்பு சரியில்லாம செத்துப்போச்சு.”

ஆலோசகர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். வட்டத்தை நிரப்பினார். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் நின்றதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். ஆலோசகரிடம் கேட்டிருக்கலாம், நைனாவிடம் கேட்டிருக்கலாம். என்னிடம்தான் கேட்டாள். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

“அப்படின்னா அவளுக்கு வலிச்சிருக்கும், இல்ல?”

“ஆமாம்மா” என்றேன். “வலிச்சிருக்கும்.”